விழும் விமானமும் தீரும் வழக்கும்: ஆகாய விபத்துப் படங்களின் கவர்ச்சி பற்றி

1. ஆராய்ச்சிப் பொருள்

ஆகாய விமானமொன்று நடுவானில் பழுதுற்று, அதனுள் அமர்ந்திருக்கும் பிரயாணிகளின் உயிர் இன்னுஞ் சில நிமிஷங்களுக்குள் இருப்பதா போவதா என்ற நிலை உண்டாவதைத் திரையிலே காண்பதற்கு, மனிதர் பணங் கொடுத்துச் சீட்டு வாங்கி இருட்டிலே இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கின்றனர் என்பது, பழக்கத்தினால் நமக்கு ஆச்சரியந் தராமற் போய்விட்ட ஓர் ஆச்சரியமாகும். 1954இல் வெளிவந்த ‘தி ஹை அண்ட் த மைட்டி’ என்னும் படம் முதல், 2023இல் வெளிவந்த ‘சொசைட்டி ஒஃப் த ஸ்னோ’ என்னும் படம் வரை, எழுபது ஆண்டுகளாக இவ்வகைப் படங்கள் உலகெங்கும் தோன்றியவண்ணம் இருக்கின்றன. வானிலே பறந்தறியாத கோடிக்கணக்கான மக்களும் இவற்றை விரும்பிக் காண்கின்றனர்.

இவ்விருப்பத்திற்குக் காரணங் கூறப் புகுந்த விமர்சகருட் பெரும்பாலோர், பார்வையாளன் ஒருவனை முன்கூட்டியே மனத்தில் அமைத்துக்கொண்டு பேசுகின்றனர். அப்பார்வையாளன் விமானத்தில் அடிக்கடி ஏறுபவன். தன் பத்திரமான வாழ்க்கைக்கு இடையிலே சிறிது பயத்தைச் சுவைக்க விரும்புபவன். மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, கல்குடாக் கரையிலே வாழும் ஒருவர் இதே படத்தைப் பார்க்கும்பொழுது இந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. விமானத்தை உள்ளிருந்து அறிவதற்கு நெடுங்காலம் முன்பே கீழிருந்து அறிந்தவர் அவர். பயத்தைத் தேடிச் செல்லவேண்டிய அவசியம் இல்லாதவர். அவரையும் இப்படம் ஈர்க்கின்றதென்றால், கவர்ச்சியின் மூலம் வேறிடத்திலே இருத்தல் வேண்டும். அம்மூலம் அழிவைக் காணும் இன்பத்திலே இல்லை. அழிவுக்குக் கணக்கு ஒப்புவிக்கப்படுவதைக் காணும் நிறைவிலேயே இருக்கின்றது என்பதை நிறுவ முயல்வேன்.

2. அறிஞர் கூறிய காரணங்கள்

பிறர் படும் அபாயம் காண்பவருக்கு இன்பந் தருவது ஏன் என்ற விசாரணை மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கவிஞராகிய லுக்ரீஷியஸ், புயலிலே அலைவுறும் கப்பலைக் கரையிலிருந்து நோக்குபவனுக்கு ஒருவகை இனிமை உண்டென்றும், அது பிறர் துன்பத்தில் மகிழ்வதாகாது, தான் அத்துன்பத்திற்கு அப்பாற்பட்டிருப்பதை உணர்வதால் எழுவதே என்றும் கருதினார். 1757இல் எட்மண்ட் பர்க் என்னும் ஆங்கில மொழிச் சிந்தனையாளர், பயங்கரம் தக்க தூரத்திலிருந்து காணப்படும்பொழுது மனத்தை விரியச் செய்யும் ஓர் உன்னத உணர்ச்சியாகின்றது என்று விளக்கினார். மிகச் சிறந்த சோக நாடகம் நடந்துகொண்டிருக்கும் அரங்கிலே, அயலில் உயர்குடிக் குற்றவாளி ஒருவனுக்கு மரண தண்டனை நிறைவேறப்போவதாக அறிவித்தால் அரங்கு கணத்திலே வெறுமையாகிவிடும் என்ற அவரது உதாரணம் கசப்பானதே ஆயினும், எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. அச்சமும் இரக்கமும் தூண்டப்பட்டுத் தூய்மையுறுதலே சோக நாடகத்தின் பயன் என்ற அரிஸ்டோட்டிலின் கொள்கை இவ்விருவருக்கும் முற்பட்டது.

சினிமாவைக் குறித்தே பேசியவர்களுள் இருவரைக் குறிப்பிடல் வேண்டும். சூசன் சொன்டாக் 1965இல் எழுதிய ‘பேரழிவின் கற்பனை’ என்ற கட்டுரையில், விஞ்ஞானப் புனைவுப் படங்களை ஆராய்ந்து, அவை அழிவுக்கு ஓர் அழகியலைத் தந்து, தாங்கவொண்ணாததைத் தாங்கத்தக்கதாக்கி, அதனாலேயே மக்களின் தார்மிக உணர்ச்சியை மழுங்கச் செய்கின்றன என்று கண்டித்தார். மொரிஸ் யாகோவர் என்பவர் 1977இல் பேரழிவுப் படங்களை எட்டு வகையாகப் பகுத்து, பலதிறப்பட்ட மனிதர் ஒரே கலத்திலே அடைபட்டுச் செல்லும் கதைகளை ஒரு தனி வகையாக நிறுத்தினார். விமானப் படங்கள் பெரும்பாலும் அவ்வகையைச் சார்ந்தவை.

இக்கருத்துகள் யாவும் ஓரளவு உண்மையே. ஆயின் இவற்றுள் முதல் இரண்டும், பார்ப்பவன் நிற்கும் கரை அசையாதது என்ற நம்பிக்கையை அஸ்திவாரமாகக் கொண்டவை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலையில், கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் கடலுக்குள் போனது கரையே. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட அந்நாளுக்குப் பின்னர், கரையில் நின்று அபாயத்தை நோக்கும் நிம்மதியான மனிதன் எங்கள் பக்கத்திலே இல்லை. ஆதலின் தூரமும் பத்திரமுமே இன்பத்தின் காரணம் என்னும் கொள்கை இங்கே வலுவிழக்கின்றது.

3. தமிழ் மரபு தரும் அளவுகோல்

பிறநாட்டு நாடகத்தைத் தமிழ் மரபின் அளவுகோலால் அளந்து காட்டும் வழியை எங்களுக்கு வகுத்தவர் மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தரே ஆவர். 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் அவர் சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து, மெய்ப்பாடும் இரசமும் அவற்றில் அமைந்துள்ள திறத்தை ஆராய்ந்தார். அவ்வழியைப் பின்பற்றி இத்திரைப்படங்களையும் நோக்கலாம்.

தொல்காப்பியம் அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள் கூறும்: தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன். இயந்திரம் இவற்றுள் இல்லை. அக்காலத்தில் இருக்கவும் இயலாது. விமானக் கடத்தலைப் பொருளாகக் கொண்ட படங்களில் அச்சம் கள்வரால் வருவது என்று எளிதில் வகுத்துவிடலாம். தானே பழுதுறும் விமானத்தால் வரும் அச்சமோ இந்நான்கிற்கும் புறம்பாய், எவர் மீதும் உடனே பழி சுமத்த இடந்தராததாய் நிற்கின்றது. யார் காரணம் என்ற கேள்வி திறந்தே இருப்பதுதான் இவ்வச்சத்தின் விசேஷம். பெருமிதத்துக்குக் கூறப்பட்ட நிலைக்களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பன. அவற்றுள் கல்வியும் அஞ்சாமையும் விமானியின் பாத்திரத்திலே ஒருங்கு கூடுகின்றன. தன் தொழிலை முற்றக் கற்றவன் அக்கல்வியினாலேயே அஞ்சாதிருத்தலைக் காணும்பொழுது ரசிகருக்கு எழுவது பெருமிதமே. ஆகவே இப்படங்களின் சுவை அச்சம் ஒன்றனால் ஆனதன்று. அச்சத்தில் தொடங்கி, அழுகையினூடாகப் பெருமிதத்தை நோக்கிச் செல்லும் ஒரு கிரமம் அவற்றுக்கு உண்டு.

கதைப்பொருளும் தமிழுக்கு முற்றிலும் புதியதன்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியிலே, கட்டியங்காரனின் துரோகத்துக்கு ஆளான சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வானிலே அனுப்புகின்றான். பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு அவள் மூர்ச்சிக்கவே, பொறி தாழ்ந்து சுடுகாட்டிலே இறங்குகின்றது; சீவகன் பிறப்பது அவ்விடத்திலேதான். மணிமேகலையிலே, கலம் உடைந்து கடலில் வீழ்ந்த சாதுவன் மரத்துண்டைப் பற்றி நாகர் மலையை அடைய, அவன் இறந்தான் என்று கேட்டுத் தீப்பாய முனைந்த ஆதிரை, பின்னர் அவன் திரும்பி வரக் காண்கின்றாள். இவ்விரு கதைகளிலும் கவி வீழ்ச்சியை வருணிப்பதோடு அமையாமல், வீழ்ந்தவர் யாவர், பிழைத்தவர் யாவர், அதன் பின் நிகழ்ந்தது என்ன என்பவற்றுக்கே நெடிய இடம் அளித்திருப்பது கவனிக்கத்தக்கது.

4. படங்கள் தரும் சான்று

அழிவின் காட்சியே இப்படங்களின் கவர்ச்சி என்பார் கூற்றை, படங்களையே சான்றாக வைத்துப் பரிசோதித்தல் வேண்டும். ‘தி ஹை அண்ட் த மைட்டி’யில் ஹொனலூலுவிலிருந்து புறப்பட்டு நடுக்கடலில் இயந்திரம் பழுதுற்ற விமானம், இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் பத்திரமாக இறங்குகின்றது. ஆர்தர் ஹெய்லியின் நாவலைத் தழுவி 1970இல் எடுக்கப்பட்டு, தன் பின்னே மூன்று தொடர்ச்சிப் படங்களுக்கு வழிதிறந்த ‘எயார்போர்ட்’ படத்திலும், குண்டு வெடித்துச் சிதைந்த விமானம் பனி மூடிய ஓடுபாதையிலே கரைசேர்கின்றது. 2016இல் கிளின்ட் ஈஸ்ட்வூட் இயக்கிய ‘சல்லி’யில், 2009 ஜனவரி 15இல் ஹட்சன் நதியிலே உண்மையில் நிகழ்ந்தவாறே, 155 பேரும் உயிர் தப்புகின்றனர். பேரழிவுப் படங்கள் என்று பெயர்பெற்ற இவற்றில் பேரழிவு நிகழாமலே போகின்றது. அழிவைக் காணும் வேட்கையொன்றே மக்களை அழைத்து வந்திருப்பின், இப்படங்கள் அவர்களை ஏமாற்றியிருத்தல் வேண்டும், அவர்களோ ஏமாறவில்லை.

இனி, அழிவு உண்மையாகவே நிகழும் படங்களை எடுத்துக்கொள்வோம். 1972 அக்டோபர் 13இல் அந்தீஸ் மலையில் வீழ்ந்த உருகுவே நாட்டு விமானத்தில் இருந்த 45 பேரில் 16 பேர் 72 நாட்களின் பின் மீண்டனர். அதனைக் கூறும் ‘சொசைட்டி ஒஃப் த ஸ்னோ’ படத்திலே, வீழ்ச்சி தொடக்கத்திலேயே சில நிமிஷங்களில் முடிந்துவிடுகின்றது. எஞ்சிய பெரும்பகுதி உயிரோடிருத்தலைப் பற்றியது. ஒவ்வொருவர் இறக்கும்பொழுதும் அவரது பெயரும் வயதும் திரையிலே எழுத்துகளாகத் தோன்றுகின்றன. பீட்டர் வியர் 1993இல் இயக்கிய ‘ஃபியர்லெஸ்’ விபத்தில் தப்பியவனின் மனத்தையே களமாகக் கொண்டது. வீழ்ச்சிக்கு முன்னும் பின்னுமுள்ள மனிதரே இவற்றின் பொருள்.

மூன்றாவது சான்று, எனது கட்சிக்கு மிக இன்றியமையாதது. இவ்வகைப் படங்களிலே விசாரணை என்னும் அங்கம் பெறும் இடத்தை விமர்சகர் போதிய அளவு கவனிக்கவில்லை. விமானப் பொறியியலாளராகவும் இருந்த நெவில் ஷூட் 1948இல் எழுதிய நாவலிலிருந்து 1951இல் எடுக்கப்பட்ட ‘நோ ஹைவே இன் த ஸ்கை’யின் கதாநாயகன் ஒரு விஞ்ஞானி, விமானத்தின் வால்பகுதி உலோகச் சோர்வினால் முறிந்துவிடும் என்று கணக்கிட்டுச் சொல்லி, நம்புவாரின்றித் தவிப்பவன். மூன்றாண்டு கழித்து, 1954இல், கொமெட் ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. அதே வகையைச் சேர்ந்த வேறொரு விமானத்தின் உடலை நீர்த்தொட்டியில் இட்டு மீண்டும் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்திப் பரிசோதித்த பின் உலோகச் சோர்வே காரணமென்று காணப்பட்டது. அந்த விசாரணையிலே பங்குகொண்ட ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வொரன் என்பாரின் சிந்தையில்தான், விமானி அறையின் பேச்சைப் பதிந்து வைக்கும் கருவி, இன்று நாம் கறுப்புப் பெட்டி என வழங்குவது, உருக்கொண்டது.

‘சல்லி’யின் உச்சக் கட்டம் விமானம் நீரிலே இறங்குவதன்று, விசாரணை மண்டபத்தில் விமானியின் தீர்மானம் நிமிஷம் நிமிஷமாக அளந்து பார்க்கப்பட்டு, இறுதியில் நியாயம் என ஏற்கப்படுவதே. 2012இல் வெளிவந்த ‘பிளைட்’ படத்திலும் கதாநாயகன் தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்ளும் இடம் விசாரணைச் சபையே. 2015இல் தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த விமானம் காலநிலைக் கோளாற்றினால் இறங்க முடியாது, எரிபொருள் குன்றிய நிலையில் திருவனந்தபுரத்தில் இறங்கிய சம்பவத்தைத் தழுவி 2022இல் எடுக்கப்பட்ட ‘ரன்வே 34’ என்னும் ஹிந்திப் படத்தின் பிற்பாதி முழுவதுமே கேள்வியும் மறுமொழியுமாகச் செல்லும் விசாரணை.

தமிழ்த் திரை விழுகின்ற விமானத்தைக் காட்டிலும் கடத்தப்படுகின்ற விமானத்தையே கைக்கொண்டது. ராதாமோகன் 2011இல் இயக்கிய ‘பயணம்’ படத்திலே, சென்னையிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட விமானம் கடத்தப்பட்டுத் திருப்பதியிலே இறங்க நேர்கின்றது. அதனுள்ளே சினிமா நட்சத்திரமும் அவரை வழிபடும் ரசிகரும், பாதிரியாரும் வைத்தியரும், ஓய்வுபெற்ற படைவீரரும் ஒரே கலத்திலே அடைபட்டிருக்கின்றனர். வெளியுலகில் வீரனாகப் போற்றப்படும் நடிகர், உள்ளே சாதாரண மனிதனாகச் சுருங்குவதும், பெயரறியாத பிரயாணிகள் ஒருவர்க்கொருவர் உறவினராவதும் அப்படத்தின் மிக நல்ல பகுதிகள்.

5. கீழே நிற்பவரின் அனுபவம்

கல்குடாப் பிரதேசத்து மக்களின் நினைவில் விமானம் எவ்வாறு பதிந்துள்ளது என்பதை இனி நோக்குவோம். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி, இக்கரைக்கு அப்பால், பிரித்தானியரின் விமானந் தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ், தன் விமானங்களைத் தரையிலே விட்டு வந்திருந்த நிலையில், ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டு 307 பேருடன் மூழ்கியது. இன்றும் அது மட்டக்களப்புக் கடலின் அடியிலே கிடக்கின்றது. யுத்த காலத்திலே பிறந்து வளர்ந்த தலைமுறையினருக்கு வானத்து ஒலி என்பது ‘பொம்மர்’ வருகின்றதா ‘கெலி’ வருகின்றதா என்று காது கொடுத்துப் பிரித்தறிந்து, பங்கருக்குள் இறங்குவதற்கான அறிவிப்பாகவே இருந்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் வாகரையிலிருந்து குண்டுவீச்சுக்கும் ஷெல்லடிக்கும் தப்பிக் காட்டுவழியாகவும் நீர்வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்கள் இவ்வறிவைத் தம் குழந்தைகளுக்கும் கொடுத்திருந்தன. தொல்காப்பியர் கூறிய நான்கனுள் இறுதியானதாகிய, ஆளுபவரால் வரும் அச்சம் என்பது இதுவே.

பின்னர் விமானத்தோடு வேறோர் உறவும் உண்டாயிற்று. வாழைச்சேனையிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் சூழவுள்ள கிராமங்களிலிருந்தும் பெண்கள் வீட்டுவேலைக்கென வளைகுடா நாடுகளுக்குச் செல்லலாயினர். இரவிலே வாடகை வானில் கட்டுநாயக்காவுக்குப் புறப்படும் ஒருத்திக்கு, அவளுடைய முதல் ஆகாயப் பிரயாணம் குழந்தைகளைப் பிரியும் பிரயாணமாகவும் இருந்தது. இங்கே எஞ்சியிருப்போருக்கு விமானம் என்பது, வீட்டார் ஒருவரை உள்ளே வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும் கலம். ஆகவே இப்பகுதியின் பார்வையாளர் பிரயாணியும் ஆவார், பிரயாணியை எதிர்பார்த்திருப்பவரும் ஆவார், குண்டுக்குப் பயந்து பதுங்கியவரும் ஆவார். மூன்று நிலையிலும் நின்று பார்க்கும் இவரை மேலைநாட்டுக் கொள்கைகள் அறியா.

கல்குடாவில் ஒரு வீட்டு முற்றத்திலே ‘சல்லி’ படத்தைச் சிலருடன் இருந்து பார்த்த சந்தர்ப்பத்தை இங்கு சான்றாகத் தருகின்றேன். வசனங்களை ஓர் இளைஞர் இடையிடையே தமிழிற் சொல்லிவந்தார். விமானம் நீரில் இறங்கும் காட்சியைச் சிறுவர் ஆரவாரத்துடன் வரவேற்றனர். பெரியவர்கள் அமைதியாகவே இருந்தனர். பின்னர், கரையேறிய விமானி நனைந்த உடையோடு, எத்தனை பேர் மீட்கப்பட்டனர் என்ற எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டு நிற்கும் இடம் வந்தது. அப்பொழுது, சுனாமியிலே தம் உற்றாரைக் கடலுக்குக் கொடுத்த மூதாட்டி ஒருவர், கதிரையிலிருந்து முன்னே சாய்ந்து, “எல்லாரையும் எண்ணித்தாங்களா மனெ? ஒராளும் குறையல்லியா?” என்று கேட்டார். 155 பேரும் இருக்கிறார்கள் என்று இளைஞர் சொன்ன பின்னரே அவர் சாய்ந்து அமர்ந்தார். அம்முற்றத்திலே படத்தின் உச்சக் கட்டம் அந்த எண்தான். ஒரு முற்றத்து அனுபவத்தைக்கொண்டு பொதுவிதி வகுத்தல் கூடாது. ஆயினும், எல்லாரும் எண்ணப்பட்டார்கள் என்ற செய்தி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்க முடியும் என்பதை அக்கேள்வி காட்டுகின்றது.

6. கணக்குத் தீர்ந்த அழிவும் தீராத அழிவும்

இலங்கை மண்ணிலே நிகழ்ந்த விமான விபத்துகளை இவ்விடத்தில் நினைவுகூரல் தகும். 1974 டிசம்பர் 4இல், இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றி வந்த டச்சு நாட்டு மார்ட்டின் எயார் விமானம், தான் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்துத் தாழ்ந்தமையால், மஸ்கெலியாப் பகுதியில் ஏழு கன்னியர் மலையிலே மோதி, 191 பேரும் இறந்தனர். 1978 நவம்பர் 15இல், அவ்வாறே யாத்திரிகருடன் ஜெத்தாவிலிருந்து வந்த ஐஸ்லாந்து நாட்டு விமானம் கட்டுநாயக்காவை அண்மிக்கையில் தென்னந்தோட்டத்தில் வீழ, 262 பேரில் 183 பேர் மாண்டனர். அதற்கு எட்டு நாட்களின் பின், நவம்பர் 23இல், மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கி ஏறத்தாழ 900 உயிர்களைக் கொண்டது. எங்கள் பிரதேசத்து முதியோர் காலத்தைக் கணிப்பதே அச்சூறாவளிக்கு முன், பின் என்றுதான். ஆயின் விமானத்தில் இறந்தார்க்குப் பெயர்ப்பட்டியலும் ஆசன இலக்கமும், காரணத்தை ஆராயும் அறிக்கையும் உண்டு. சூறாவளியில் இறந்தார்க்கு அவரவர் குடும்பத்தின் ஞாபகமே பட்டியல்.

விமான விபத்து, நவீன உலகின் அழிவுகளுள் மிக நுணுக்கமாகக் கணக்கெடுக்கப்படும் அழிவாகும். ஏறியவர் யாரென்று முன்னரே எழுதப்பட்டுள்ளது. இறுதிப் பேச்சுப் பதியப்பட்டுள்ளது. சிதறிய துண்டுகள் பொறுக்கப்பட்டு, பழைய உருவிலே மீண்டும் அடுக்கப்படுகின்றன. இத்தகைய கௌரவம் ஏனைய அழிவுகளில் இறப்போருக்குக் கிடைப்பதில்லை. 2010 மே 22இல் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் இறந்தனர், எட்டுப்பேர் தப்பினர். விசாரணை மன்றம் கூடியது. நிலைப்படாத இறக்கத்தை இடையிலே கைவிட்டு விமானத்தை மேலெழுப்பத் தலைமை விமானி தவறியமையும், அதற்குத் துணைபோன நித்திரை மயக்கமும் பதிவு பெற்றன. 1990 செப்டெம்பர் 5இல், கல்குடாவுக்குத் தெற்கே வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களுள் 158 பேர் இராணுவத்தினரால் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை, சாட்சியங்கள் பின்னர் ஆணைக்குழு முன் பதியப்பட்டன, ஆயினும் என்ன ஆனார்கள் என்ற வினாவுக்கு அவர்களின் குடும்பங்கள் இன்றும் மறுமொழி பெறவில்லை. இரண்டு எண்களும் ஒன்றாயிருத்தல் தற்செயலே. ஒன்று கணக்குத் தீர்ந்தது, மற்றது தீராதது என்னும் வேறுபாடு தற்செயலன்று.

இவ்விரு வகைக்கும் இடையிலே நிற்கும் ஒரு சம்பவம் உண்டு. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடற்பரப்பிலே மறைந்தது. அது விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதென்று கொள்ளப்பட்டது. பிரயாணிகளின் பட்டியல் இருந்தது. ஆனால் கலம் இல்லை, உடல் இல்லை. பதினான்கு ஆண்டுகளின் பின், 2012இல், இரணைதீவை அண்டிய கடலடியில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. மீட்கப்பட்ட உடைகள் உறவினர் பார்த்து அடையாளங் காணும்பொருட்டு யாழ்ப்பாணத்திலே வைக்கப்பட்டன. உப்பு நீரிலே பதினான்கு ஆண்டு கிடந்த சேலையும் சட்டையும் எவருடையவை என்று குனிந்து நோக்கியவர்களுக்கு, அந்நாள் வரை இறப்பும் முடிவாகவில்லை, எதிர்பார்ப்பும் முடிவாகவில்லை.

இவ்வாறு கணக்குத் தீரும் கதையை வேண்டிநிற்றல் மட்டக்களப்புக்குப் புதிதன்று. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி கோயில்களிலே, ஆண்டுக்கொருமுறை கதவு திறந்து வைகாசியில் நடைபெறும் சடங்கின்போது, கண்ணகி வழக்குரை ஏட்டிலிருந்து படிக்கப்படுகின்றது. மதுரை எரிதல் அக்கதையிலும் பேரழிவே. ஆனால் ஊர் கூடியிருந்து கேட்பது நெருப்பை மாத்திரமன்று. அரசவையிலே கேள்வி கேட்கப்படுதலையும், சிலம்பு உடைத்து உண்மை காட்டப்படுதலையும், குற்றவாளி தன் குற்றத்தை ஏற்றலையும் கேட்கின்றனர். அதன் பின்னரே, அம்மனின் சினந் தணிக்கும் சடங்காகிய குளிர்த்தி. வழக்கு உரைக்கப்படாமல் குளிர்த்தி இல்லை என்பதே அச்சடங்கின் ஒழுங்கு. அழிவு, விசாரணை, உண்மை, ஆறுதல் என்ற இதே ஒழுங்கு நல்ல விமான விபத்துப் படங்களிலும் அமைந்திருப்பதனாலேதான், எங்கள் பக்கத்துப் பார்வையாளர் மொழியறியாமலே அவற்றின் உள்ளே புகுந்துவிடுகின்றனர்.

7. ஆட்சேபங்கள்

இக்கருத்துக்கு மூன்று ஆட்சேபங்கள் எழலாம். முதலாவது, முற்றத்துச் சிறுவரின் ஆரவாரமே உண்மையான கவர்ச்சி, ஏனையவை படித்தவர் ஏற்றிச் சொல்பவை என்பது. காட்சியின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. மருட்கைக்குப் புதுமையும் பெருமையும் நிலைக்களன்கள் என்று தொல்காப்பியமே கூறும். ஆயின் காட்சி மாத்திரமே கொண்ட படங்கள் விரைவில் மறக்கப்படுகின்றன. 1980இல் வந்த ‘எயார்பிளேன்’ என்னும் நகைச்சுவைப் படம், இவ்வகையின் வெளியலங்காரங்களையெல்லாம் எடுத்துச் சிரிப்புக்கு உள்ளாக்கிய பின்னரும், மனிதரையும் விசாரணையையும் பொருளாகக் கொண்ட படங்கள் தளராமல் நின்றன.

இரண்டாவது, சினிமா காட்டும் விசாரணை உண்மைக்கு மாறானது என்பது. இதில் நியாயம் உண்டு. ‘சல்லி’ படம், விமானியைக் குற்றவாளியாக்கத் துடிக்கும் பகைவராக விசாரணையாளரைச் சித்திரித்தது. விசாரணையில் ஈடுபட்டவர்கள் அதனை மறுத்தனர். சர்வதேச விதிகளின்படி விமான விபத்து விசாரணையின் ஏக நோக்கம் மீண்டும் அத்தகைய விபத்து நேராமற் காப்பதே. எவர்மீதும் பழி சுமத்துவது அதன் நோக்கமன்று. திரைப்படமோ பழியையும் புகழையும் ஒரு மனிதனின் தலையில் ஏற்றாமல் கதை சொல்ல அறியாது. விமானக் கடத்தற் படங்கள் சிலவற்றிலே இக்குறை இன்னும் கொடிதாகி, ஒரு மதத்தினர் முழுவதையும் பகைவராகக் காட்டும் எளிய வழியில் இறங்கிவிடுகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் எங்கள் பிரதேசத்தில் இவ்விஷம் எத்தகைய கேட்டைச் செய்யும் என்பதை நாம் அனுபவித்து அறிவோம்.

மூன்றாவது ஆட்சேபமே மிக ஆழமானது. திரையிலே தீரும் வழக்கு, வாழ்க்கையில் தீராத வழக்கை மறக்கச் செய்யும் மருந்தாகிவிடாதா? சொன்டாக் அஞ்சியதும் இதுவே. அவ்வாறு ஆகக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். எனினும், ஆண்டுதோறும் வழக்குரை கேட்ட மக்கள் நியாயத்தை மறந்துவிட்டார்கள் என்று சொல்வதற்குச் சான்றில்லை. காணாமற் போனோரின் தாய்மார் கையிலே படத்துடன் தெருவோரங்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கேட்பது பட்டியல், காரணம், பொறுப்பேற்பவர் ஒருவர் என்ற மூன்றையுமே. விமான விபத்து நேர்ந்தவுடன் உலகம் தானாகவே அளிக்கும் மூன்றும் இவைதாம். ஒரு நியாயம் எப்படியிருக்கும் என்பதைக் கண்ணாற் கண்டவர், அது மறுக்கப்படுவதை மேலுந் தெளிவாகவே உணர்வர்.

8. முடிவு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின்: ஆகாய விமான விபத்துப் படங்களின் கவர்ச்சியைப் பத்திரமான தூரத்திலிருந்து அழிவை ரசிக்கும் இன்பமாகக் கொள்ளும் கொள்கை, பத்திரமான தூரம் வாய்த்தவர்களுக்கே பொருந்தும். அது வாய்க்காத கல்குடா போன்ற இடங்களிலும் இப்படங்கள் மனத்தைப் பற்றுவதற்குக் காரணம், இறந்தவர் எண்ணப்படுகின்றனர், பெயர் சொல்லப்படுகின்றனர், காரணம் ஆராயப்படுகின்றது, ஒருவர் மறுமொழி சொல்ல நிற்கின்றார் என்ற அவற்றின் உள்ளொழுங்கே. இவ்வொழுங்கை மக்கள் வழக்குரை கேட்ட செவியோடு இனங்கண்டுகொள்கின்றனர்.

இதிலிருந்து எங்கள் எழுத்தாளருக்கும் திரைக்கலைஞருக்கும் ஒரு கடமை பிறக்கின்றது. லயன் எயார் விமானத்தின் கதையைத் தமிழிலே படமாக்குவோர், ஏவுகணை பாயும் கணத்தையும் கலம் கடலில் வீழும் காட்சியையும் கணினியின் உதவியால் எவ்வளவு பயங்கரமாகவும் காட்டிவிடலாம். அதனால் மாத்திரம் அப்படம் எங்கள் மக்களின் படமாகிவிடாது. 1998 முதல் 2012 வரை காத்திருந்த குடும்பங்களின் அன்றாடத்தையும், உடைகள் பரப்பி வைக்கப்பட்ட இடத்திலே நிகழ்ந்த அடையாளங் காணலையும், சுட்டவர் எப்பக்கத்தினராயினும் அவரிடம் கேட்கப்படவேண்டிய கேள்வியையும் அது தன் மையமாகக் கொள்ளல் வேண்டும். அத்தகைய படத்தை எடுப்பதற்கு விமானத்தின் மாதிரி உருவைக் காட்டிலும் 55 பெயர்களின் பட்டியலே முதலில் வேண்டப்படும் கருவி. அப்பட்டியலில் இருந்து தொடங்குபவர், வந்தாறுமூலையின் 158 பெயர்களையும் சொல்லாமல் ஓய்ந்துவிட முடியாது என்பதே இவ்வாராய்ச்சியின் முடிந்த முடிவு.